ஆரம்பகால இஸ்லாமிய வரலாற்றை நடுநிலையாக எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எந்த நூலை நம்புவது என்றே புரியவில்லை ஐயா. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கால இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். நபிகள் நாயகம் மறைந்தது 632இல். அவர் வாழ்க்கையை விரிவாக எழுதிய இப்னு இஸ்ஹாக் இறந்தது 767 வாக்கில். அந்த நூலையும் நாம் பெரும்பாலும் 833 வாக்கில் இறந்த இப்னு ஹிஷாம் சுருக்கித் திருத்திய வடிவத்தில்தான் படிக்கிறோம். சில செய்திகளை வேண்டுமென்றே விட்டுவிட்டதாக இப்னு ஹிஷாமே முன்னுரையில் சொல்கிறார். அதனால் "இப்படி நடந்தது" என்று எடுத்த எடுப்பில் எழுதாமல், யார் வழியாக வந்த செய்தி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: தபரீயை மேற்கோள் காட்டினால் போதாதா?

பதில்: "தபரீ சொல்கிறார்" என்று எழுதுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. 923இல் இறந்த வரலாற்றாசிரியரான அவர், கிடைத்த செய்திகளை அறிவிப்பாளர் தொடரோடு, அதாவது யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற பட்டியலோடு, அடுக்கி வைத்தவர். நபிகள் மறைந்தபோது வயது 63 என்று ஒரு அறிவிப்பு, 65 என்று இன்னொன்று, 60 என்று மற்றொன்று, எல்லாவற்றையும் தருகிறார். ஒவ்வாத செய்தி ஏதாவது இருந்தால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, தம்முடையது அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஆகவே அவர் நூலுக்குள் யார் பேசுகிறார் என்று பாருங்கள். 656இல் கலீஃபா உஸ்மான் கொல்லப்பட்ட கலகத்துக்கு அப்துல்லாஹ் இப்னு ஸபா என்பவரின் சூழ்ச்சிதான் காரணம் என்ற விரிவான கதை ஸைஃப் இப்னு உமர் வழியாக வருகிறது. ஸைஃப் பலவீனமான அறிவிப்பாளர் என்று ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களே ஒதுக்கியிருக்கிறார்கள். 680இல் நபிகளின் மருமகன் அலீயின் மகன் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா போர் பற்றிய பகுதி பெரிதும் ஈராக்கின் கூஃபா ஊர்க்காரரான அபூ மிக்னஃபுடையது. அலீயின் குடும்பத்தின் மீது பற்று நிறைந்த ஊர் அது. இரண்டையும் "தபரீ" என்ற ஒரே பெயரில் எழுதினால் சாய்வு கண்ணிலேயே படாது. சுன்னி தரப்பிலும் ஷியா தரப்பிலும் தமக்கு வேண்டிய அறிவிப்பாளரை மட்டும் பொறுக்கியெடுத்துவிட்டு, அதை தபரீயின் தீர்ப்பாகக் காட்டுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கேள்வி: அப்படியானால் அந்தக் காலத்திலேயே முஸ்லிம் அல்லாதவர்கள் எழுதியதை நம்பலாமே?

பதில்: 1977இல் வரலாற்றாசிரியர்கள் பட்ரீஷியா குரோனும் மைக்கேல் குக்கும் அப்படித்தான் முயன்றார்கள். பின்னாளில் இருவருமே அந்த முடிவுகளிலிருந்து விலகிவிட்டார்கள். காலத்தால் நெருக்கமானது என்பதாலேயே ஒரு நூல் சாய்வற்றது ஆகிவிடாது. 634ஐக் கதைக்களமாகக் கொண்ட ஒரு கிரேக்க நூலில் அரபுகளிடையே தோன்றிய தீர்க்கதரிசியைப் பற்றிய வரிகள் உண்டு. ஆனால் கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யூதர்களைக் கிறிஸ்தவத்தில் நிலைநிறுத்துவதற்காக எழுதப்பட்ட நூல் அது. இப்னு இஸ்ஹாக்கைத் துருவித் துருவிக் கேட்பவர் இதையும் அதே போலக் கேட்க வேண்டும்.

கேள்வி: எந்தத் தரப்பும் சாராத சான்று ஒன்றுகூட இல்லையா?

பதில்: இருக்கிறது. எகிப்தில் கிடைத்து இப்போது வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) ரசீதைச் சொல்வேன். ஹிஜ்ரி 22, அதாவது 643. அப்துல்லாஹ் என்ற படைத்தலைவர் தம் வீரர்களுக்காக 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதாகக் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆடுகள் வரியில் கழிக்கப்படுகின்றன. பின்னால் வருபவர்களை நம்பவைக்க எழுதியதல்ல, அன்றைய கணக்குக்காக எழுதியது. அதே சமயம், இதிலிருந்து கொள்கை எதையும் பிழிந்து எடுக்க முடியாது.

கேள்வி: பர்மிங்காம் குர்ஆன் ஏடுகள் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டன என்கிறார்களே?

பதில்: பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருப்பது இரண்டு பழைய தோல் ஏடுகள். 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை சொன்னது தோலின் வயதை, மையின் வயதை அல்ல. குர்ஆன் இறுதி வடிவம் பெற இருநூறு ஆண்டுகள் ஆயின என்ற பழைய வாதத்துக்கு இது பலத்த அடி, அதில் சந்தேகமில்லை. ஆனால் முழு குர்ஆனுக்கும் சான்று என்பதும் மிகை, நபிகளுக்கு முந்தையது என்பதும் மிகை.

கேள்வி: பொதுக் கட்டுரையில் நபிகளின் பெயருக்குப் பின் (ஸல்) என்ற வாழ்த்துச் சுருக்கம் போட வேண்டுமா?

பதில்: அது உங்கள் விருப்பம், இதழின் வழக்கம். நடுநிலையை அதை வைத்து அளக்க வேண்டாம்.

கேள்வி: நபிகளின் வாழ்க்கையைப் பற்றி வில்லியம் மியூர் போன்ற காலனி அதிகாரிகள் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். மியூரின் மிஷனரிச் சார்பு அவர் எழுத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது. அவருக்கு மறுப்பு எழுத சர் சையத் அகமது கான் லண்டனில் நூல்களைத் தேடிப் படித்து, 1870இல் கட்டுரைகளை வெளியிட்டார். மியூரின் மதத்தைச் சாடுவதோடு அவர் நிற்கவில்லை. பழைய முஸ்லிம் வரலாற்றாசிரியர் வாகிதீயின் அறிவிப்புகளை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறீர்கள் என்று இடம் சுட்டிக் கேட்டார். மியூரின் ஒரு அத்தியாயத்தையும் அதற்கான சையத் அகமதுவின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் உங்கள் கட்டுரையைத் தொடங்குங்கள்.