கேம் ஆடும்போது சட்டென்று அணையும் கணினி: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய டெஸ்க்டாப் கணினி இது. நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிப் பெரியதாகப் போட்டேன். அன்றிலிருந்து கேம் தொடங்கிப் பத்து, இருபது நிமிடத்தில் மொத்தமாக அணைந்துபோகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வருவதில்லை. சில சமயம் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவே இல்லை; பின்புறம் பவர் சப்ளையில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டால்தான் உயிர் வருகிறது. இணையம் பார்த்தாலோ படம் பார்த்தாலோ தொந்தரவு இல்லை. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டுவிட்டேன். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று மட்டும் இருக்கிறது. பவர் சப்ளை 650 வாட், பழைய கணினியில் இருந்து கழற்றியது. ரேமை மாற்றிப் பார் என்கிறார் நண்பர். எதை மாற்றட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ‘சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டால்தான் உயிர் வருகிறது’ என்றீர்களே, அந்த வரிதான்.

பவர் பட்டன் நேரடியாக மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் அல்ல. அதை அழுத்தினால் மதர்போர்டுக்கு ஒரு சைகை போகிறது. மதர்போர்டு, 24 முள் பிளக்கில் உள்ள ஒரு கம்பி வழியாகப் பவர் சப்ளையிடம் ‘ஓடத் தொடங்கு’ என்கிறது. ஒழுங்கான பவர் சப்ளைக்குள் பல பாதுகாப்புகள் இருக்கின்றன: மின்னோட்டம் எல்லை மீறினால், மொத்தத் திறன் மீறினால், வோல்டேஜ் ஏறினால் அல்லது இறங்கினால், எங்காவது ஷார்ட் ஆனால், உள்ளே சூடு கூடினால் தன்னையே அணைத்துக்கொள்ளும். அப்படி அணைந்தபின் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளவும் செய்யும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைச் சில விநாடி துண்டித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். அதுவரை மதர்போர்டு கேட்டாலும் அது செவிசாய்க்காது. ஆகவே உங்கள் கணினியை அணைத்தது விண்டோஸ் அல்ல, ரேமும் அல்ல. பவர் சப்ளையே அணைந்திருக்கிறது. மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அது பலவீனமாக இருப்பதால் அணைந்ததா, அல்லது வேறு ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறி இழுத்ததால் சரியாகத்தான் அணைந்ததா?

ரேம் கெட்டிருந்தால் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். நீலத்திரை வரும், புரோகிராம்கள் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், படம் அப்படியே உறைந்து நிற்கும், அல்லது தானாக மறுபடி தொடங்கும். சப்ளையைப் பூட்டவைக்கும் அளவுக்கு ரேம் செய்வது மிக அரிது. காசைச் செலவழித்துவிட்டு அதே இடத்தில் நிற்பீர்கள்.

41 என்ற எண்ணைப் பார்த்துப் பலரும் மிரள்கிறார்கள். அந்தப் பதிவு கணினி அணையும் நேரத்தில் எழுதப்படுவதே இல்லை. அடுத்த முறை தொடங்கும்போது, ‘போன தடவை முறையாக மூடப்படவில்லை’ என்று விண்டோஸ் குறித்துவைப்பது அது. வீட்டில் கரண்ட் போனாலும் இதே 41 வரும். அதைத் திறந்து விவரப் பகுதியில் ‘பக்செக்கோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். 0 என்றிருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க அவகாசமே கிடைக்கவில்லை. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் போய்விட்டது. அப்போது டிரைவர், ரேம் பக்கம் தேடுவதில் பொருள் உண்டு. ‘வீ-லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பிழைப் பதிவுகள் இருந்தால் ப்ராசஸர் போன்ற வன்பொருள் ஏதோ முறையிடுகிறது என்று கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் 0 தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் மூன்றாவது முறை விண்டோஸ் போடுவதில் பயனில்லை.

இனி அந்த 650 வாட். கார்டு 300 வாட், ப்ராசஸர் 150 வாட், மற்றதெல்லாம் சேர்த்து இன்னொரு 60, 70 வாட் என்று கூட்டிப் பார்த்து, ‘போதுமே, மிச்சமே இருக்கிறதே’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த 300 என்பது சராசரி. கேமில் காட்சி மாறும் கணத்தில் கார்டு இழுக்கும் மின்சாரம் சில மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரைகூடக் குதித்து இறங்கும். சாதாரண வாட் மீட்டரில் இது தெரியவே தெரியாது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். பெரிய கார்டுகளில் இந்தக் குதிப்பு ஒரு பெரிய தலைவலியானதால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை வரையறை, மிகக் குறுகிய காலத்துக்கு, அதாவது 100 மைக்ரோ விநாடிக்கு, குறித்த திறனைப்போல் இரண்டு மடங்கு வரை தாங்க வேண்டும் என்று எழுதிவைத்தது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் இந்தக் குதிப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் ஒருமுறை படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். 54 ஆம்பியர் என்றால் 648 வாட், நல்லது. 40 ஆம்பியர்தான் என்றால் 480 வாட். அட்டையில் 650 என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். இதோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் உலர்ந்து தேயும். தொடங்கியவுடன் அணையாமல் பத்து, இருபது நிமிடம் கழித்து அணைவதற்கு, சப்ளை சூடாகித் தளர்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடிப்போம். சப்ளையை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கேபினட்டைத் திறந்து, கார்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். ஒரே வயரின் நுனியில் இரண்டு 8 முள் பிளக் தொங்கி, இரண்டையும் கார்டில் குத்தியிருக்கிறீர்களா? ஒவ்வொரு 8 முள் பிளக்கும் 150 வாட்டுக்கானது. மதர்போர்டு ஸ்லாட் வழியே 75 வாட் வரை வரும். பெரிய கார்டுக்குச் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் இழுங்கள். சில சப்ளைகளில் இந்த ஒரு மாற்றமே அணைவதை நிறுத்திவிடுகிறது. புதிய வகை ஒற்றைப் பிளக் என்றால் கடைசி வரை அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா, பிளக்கை ஒட்டியே வயர் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் 24 முள் பிளக்கையும் ப்ராசஸருக்கான 8 முள் பிளக்கையும் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். ஒரு எச்சரிக்கை: கழற்றிப் பூட்டும் வயர்கள் கொண்ட சப்ளையில் வேறொரு சப்ளையின் வயரைச் செருகவே கூடாது. துளை பொருந்தும், ஆனால் எந்த முள்ளில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்கூட மாறலாம். கார்டோ டிஸ்க்கோ எரிந்துபோகலாம்.

யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அவற்றை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். பெரிய கார்டு போட்டபின் அது போதாது.

அடுத்ததுதான் நான் மிகவும் நம்பும் சோதனை. கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நிறுவி, பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கலாம் என்ற மின்சார எல்லையை, 60 அல்லது 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டுப்படுத்துங்கள். அதே கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். அணையவில்லை என்றால் மின்சாரம்தான் பிரச்சினை என்பது ஏறக்குறைய உறுதி. லிமிட்டைப் பழையபடி ஏற்றி, மறுபடி அணைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சரிபார்த்தால்தான் முடிவு பிடிபடும்.

பழைய கார்டு இன்னும் கையில் இருக்கிறதா? அதைத் திரும்பப் போட்டு இரண்டு நாள் ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால் மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் மீதான சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும்.

பிறகு ஓசிசிடி போன்ற ஒரு சோதனை மென்பொருளில் ப்ராசஸரை மட்டும், கார்டை மட்டும், கடைசியாக இரண்டையும் சேர்த்து வேலை வாங்குங்கள். தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்தால் அணைந்தால் சப்ளைதான். ப்ராசஸரை மட்டும் ஓட்டும்போதே அணைந்தால் வெப்பத்தைப் பாருங்கள். இந்தச் சோதனைகளை ஓடவிட்டு எழுந்து போகாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். வெப்பம், வோல்டேஜ் போன்றவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவு வசதியை முடுக்கிவிட்டால் ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் எல்லா அளவுகளும் ஒரு கோப்பில் விழும். அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் படியுங்கள். ப்ராசஸர் 70 டிகிரியில் இருக்கும்போது அணைந்திருந்தால் வெப்பம் காரணமல்ல. வெப்பத்தால் அணைவதற்கு முன் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். பெரும்பாலானவை 95 அல்லது 100 டிகிரியில் அதைத் தொடங்கிவிடும். கேம் திணறத் தொடங்கிப் பிறகு அணைந்தால் கூலரைக் கழற்றிப் பாருங்கள்: அடியில் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறதா, ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறதா, தண்ணீர் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று. நீங்கள் எழுதியதில் திணறல் பற்றி எதுவும் இல்லை, அதனால் இதை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை அப்படியே நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் பழக்கம் இருந்தால் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்கிறதா என்று அளக்கலாம். ஆனால் அது சரியாகக் காட்டினாலும் சப்ளை நல்லது என்று பொருளில்லை. கண்சிமிட்டும் நேரத்துக்குள் நடக்கும் சரிவை மீட்டர் பிடிக்காது. 24 முள் பிளக்கில் பேப்பர் கிளிப்பைச் செருகிச் சப்ளையின் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான், சுமை இல்லாமல் எதுவும் சுற்றும். சப்ளையின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

இதே தொந்தரவு வேறு வடிவில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. போட்ட நான்கைந்து விநாடியில் ஒவ்வொரு முறையும் அணைந்தால், பவர் பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருக்கலாம். நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி அணைய வேண்டும் என்பது விதி. என்னிடம் வந்த ஒரு கணினிக்கு அதற்கு முன்பே சப்ளையும் மதர்போர்டும் மாற்றியிருந்தார்கள், குறை அந்தப் பட்டனில்தான் இருந்தது. மதர்போர்டிலிருந்து பட்டன் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுத் தொடங்கினால் தெரிந்துவிடும். சும்மா இருக்கும்போது மட்டும் மறுதொடக்கம் ஆகும், ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் உள்ள கணினி என்றால், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றிப் பாருங்கள்.

உங்களுக்கு வருவோம். மேலே சொன்னதெல்லாம் சப்ளையையே கைகாட்டினால், வாங்குவதற்கு முன் நல்லதொரு சப்ளையை இரவல் பெற்று, அதன் சொந்த வயர்களோடு மாட்டி ஒரு நாள் ஆடிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் புதியது வாங்குங்கள். கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட்டுக்குக் குறையாமல், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்ததாகப் பாருங்கள். 80 பிளஸ் தங்கம், வெண்கலம் என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்பவை. திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்பவை அல்ல. நல்ல சப்ளையிலும் அதே மாதிரி பூட்டிக்கொண்டால் கார்டுக்குள்ளேயே குறை இருக்கலாம். அப்போது பழைய கார்டில் அணையவில்லை, வேறு சப்ளையிலும் அணைந்தது என்ற இரண்டு தகவலையும், கடைசி வரி உள்ள அந்தப் பதிவுக் கோப்பையும் சேர்த்து வாரண்டிக்கு அனுப்புங்கள். அதுவரை பவர் லிமிட்டைக் குறைத்தே ஆடுங்கள், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுபட்டால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் கெட்டுப்போகலாம்.