சிஸ்டரிடம் கேளுங்கள்: போன பேறுகாலத்தில் வந்த பிரஷர் இந்தத் தடவையும் வருமா?

நெல்லைப் பக்கம் பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை எழுதித் தர மாட்டேன். கர்ப்பகால பிரஷர் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே தருகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: சிஸ்டர், முதல் பிள்ளைக்கு எட்டாம் மாசம் பிரஷர் 170/110 வந்து ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தான். இப்போ நாலு வயசு. அடுத்த பிள்ளைக்கு வீட்டில் கேட்கிறாங்க. மறுபடியும் வருமா?

எட்டாம் மாசம் என்றால் எந்த வாரம்மா? நம்மூர் மாசக் கணக்கில் எட்டாம் மாசம் 31-ஆம் வாரமாகவும் இருக்கும், 35-ஆகவும் இருக்கும். உங்கள் கேள்விக்கு விடையே அந்த வாரத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு டாக்டர்களுக்குத் தரும் கணக்கு இது: பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போகிற ப்ரீ எக்லாம்சியா ஒரு தடவை வந்தவர்களில் மொத்தமாகப் பார்த்தால் ஆறில் ஒருவருக்கு அது திரும்ப வருகிறது. போன தடவை 34 முதல் 37 வாரத்துக்குள் பிள்ளையை எடுக்க வேண்டி வந்திருந்தால் நாலில் ஒருவருக்கு. 28 முதல் 34 வாரத்துக்குள் என்றால் மூன்றில் ஒருவருக்கு. எவ்வளவு சீக்கிரம் வந்ததோ அவ்வளவு தூரம் திரும்பி வரப் பார்க்கும்.

காரணம் நஞ்சில், அதாவது பிள்ளைக்குச் சத்து கொண்டுபோகிற நஞ்சுக்கொடியில் இருக்கிறது. முதல் நாலைந்து மாசத்தில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து நஞ்சுக்கு வழிவிட வேண்டும். அவை சரியாக விரியாவிட்டால் வினை பின்னால் பிரஷராக வருகிறது. அதனால்தான் ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-ஆம் வாரத்தை ஒட்டி, எப்படியும் 16-க்குள் தொடங்குகிறார்கள். 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் தினம் 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, 37 வாரத்துக்கு முன்னாலேயே வருகிற வகை 62 சதவீதம் குறைந்தது. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, ‘போன தடவை பிரஷர் இருந்துச்சு’ என்று சாவகாசமாகச் சொன்னால் அந்த வாய்ப்பு போயிருக்கும். எத்தனை பேர் அப்படி வந்து நின்றிருக்கிறார்கள்! நாள் தள்ளிப்போனதும் முதல் செக்கப்பிலேயே சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் மாதிரி நோய் இருந்தாலும் ஆபத்து ஏறும். உடல் எடை, நாற்பதைத் தாண்டிய வயது, இரட்டைப் பிள்ளை எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இப்போதைக்கு உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். அதில் வாரம் எழுதியிருக்கும்.

வள்ளியூரிலிருந்து: மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயசு. இவ்வளவு இடைவெளி விட்டது தப்பா?

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி என்பதையும் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். டாக்டரிடம் வயதைச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: முதல் பிரசவத்துக்குப் பிறகு பதினாலு கிலோ ஏறிட்டேன். குறைச்சா பிரயோஜனம் உண்டா?

உண்டு. இரண்டு கர்ப்பத்துக்கு நடுவில் ஏறிய எடை தனியாகவே ஆபத்தைக் கூட்டும். உங்கள் ஊரில் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு நடக்க நேரம் ஏது என்பீர்கள். காலையில் அரை மணி நேரம், இலை வெட்ட உட்காருவதற்கு முன்னால். குறைப்பதை இப்போதே குறையுங்கள். உண்டான பிறகு பட்டினி கிடக்கக் கூடாது.

கடையத்திலிருந்து: எனக்கும் போன தடவை பிரஷர் வந்தது. மறுபடி வருமா?

முதல் பதிலைப் பாருங்கள். எந்த வாரம்?

சங்கரன்கோவிலிலிருந்து ஓர் அண்ணாச்சி: மருமகளுக்கு யூரினில் உப்பு போகுதுன்னு சொல்லிட்டாங்க, காலும் வீங்கியிருக்கு. உப்பைச் சுத்தமா நிப்பாட்டி, பார்லித் தண்ணியும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கிறோம். அடுத்த பேறுகாலத்துக்கு முதல் மாசத்திலிருந்தே இப்படிக் கொடுத்தா பிரஷர் அண்டாதுல்ல?

அண்ணாச்சி, இந்த ‘உப்பு’ என்கிற வார்த்தை நம் ஜில்லாவில் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. சிறுநீரில் ‘உப்பு’ என்று நர்சுமார் சொல்வது ஆல்புமின் என்கிற புரதத்தை. குழம்பில் போடுகிற உப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, வெளியே போகக் கூடாத புரதம் கசிகிறது. அந்தப் பிள்ளைக்கு உப்பில்லாக் கஞ்சி ஊற்றினால் கசிவு நிற்காது, சாப்பாடுதான் இறங்காமல் போகும். ப்ரீ எக்லாம்சியா வராமல் தடுப்பதற்காகக் கர்ப்பிணிக்கு உப்பைக் குறைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அதே அண்ணாச்சி: பிரஷருக்கு உப்பு ஆகாதுன்னு எனக்கே டாக்டர் சொல்லியிருக்காரே. அவளுக்கு மட்டும் ஆகுமா?

உங்கள் பிரஷர் வேறு, அவள் பிரஷர் வேறு. கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் இருந்த பெண் என்றால் உப்பை அளவாகத்தான் வைக்க வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் தினம் வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன். நஞ்சிலிருந்து கிளம்புகிற பிரஷரை உப்பை நிறுத்தி நிறுத்த முடியாது.

அம்பாசமுத்திரம் மறுபடி: என் மாமியாரும் போன தடவை மூணு மாசம் உப்பில்லாமதான் போட்டாங்க. அப்படியும் வந்தது.

அண்ணாச்சி: எங்க ஆச்சி ஒன்பது பெத்தா. எல்லாம் பார்லிதான். தண்ணி பிரிஞ்சு வீக்கம் வடிஞ்சா பிரஷர் தானா இறங்கும்.

உங்கள் ஆச்சிக்கு யார் பிரஷர் பார்த்தார்கள்? வீக்கம் வடிவதும் பிரஷர் இறங்குவதும் ஒன்றில்லை. சாயங்காலம் கால் வீங்குவது பாதிப் பேருக்கு உண்டு, பிரஷர் சரியாகவே இருக்கும். ப்ரீ எக்லாம்சியாவில் ரத்தக்குழாய் ஒழுகி, நீர் சதைக்குள் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் உப்பியிருப்பாள், குழாய்க்குள் நீர் பற்றாக்குறை. அவளிடமிருந்து இன்னும் நீரைப் பிரித்து எடுத்தால் என்ன மிஞ்சும்? நீர் மாத்திரையையே டாக்டர்கள் இதற்காகக் கொடுப்பதில்லை. பார்லித் தண்ணீர் தாகத்துக்குக் குடிக்கலாம், வைத்தியமாக நம்ப வேண்டாம். நெருஞ்சிலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பிரஷர் அளந்த சீட்டோடு போய் அங்கே கேளுங்கள். முதலில் மருமகளை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். என்னோடு வாதாடுகிற நேரத்தில் பஸ் ஏறியிருக்கலாம்.

ஆலங்குளத்திலிருந்து: அம்மாவுக்கு மூணு பேறுகாலத்திலும் ஜன்னி கண்டதாம். எனக்கு இது முதல் கர்ப்பம்.

ஜன்னி என்பது இந்தப் பிரஷர் முற்றி வந்த வலிப்பாக இருக்கலாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தது என்றால் அது கணக்கில் வரும், முதல் கர்ப்பம் என்பதும் வரும். இரண்டும் சேர்ந்திருக்கிறது, இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்.

களக்காட்டிலிருந்து: மறுபடி வருமா சிஸ்டர்?

முதல் பதில்.

தென்காசியிலிருந்து: பிரஷருக்கு டெல்மிசார்டான் போடுறேன். அடுத்த பிள்ளைக்கு முயற்சி பண்றோம்.

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் இவையெல்லாம் கர்ப்பத்தில் ஆகாது, பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டரைப் பார்த்து லபெட்டலால், நிபெடிப்பின், மெத்தில்டோபா மாதிரி ஒன்றுக்கு மாற்றிக்கொண்ட பிறகு முயற்சி செய்யுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: கால்சியம் மாத்திரை நெஞ்சைக் கரிக்குது, விட்டுடலாமா?

விடாதீர்கள். நம் சாப்பாட்டில் கால்சியம் குறைவு, பிரஷரைத் தடுக்கவும் அது உதவும். அரசு ஆஸ்பத்திரியில் நாலாம் மாசத்திலிருந்து 500 மில்லிகிராம் இரண்டு வேளை தருகிறார்கள். சாப்பாட்டோடு போடுங்கள், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள்.

முக்கூடலிலிருந்து: எட்டரை மாசம். காலையிலிருந்து தலைவலி, கண்ணு மங்கலா இருக்கு, வலது விலாவுக்குக் கீழே வலி. பிரஷராலயா இருக்குமா?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எழுதிய அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

பணகுடியிலிருந்து: போன தடவை மாதிரி இந்தத் தடவையும்...

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்! டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்காமல் யாரும் இனி இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். கல்யாண ஆல்பத்தை இருபது வருடம் வைத்திருக்கிறீர்கள், அந்த ஒற்றைத் தாளை வைத்திருக்க முடியவில்லையா?

முக்கூடல், கணவர்: ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம் சிஸ்டர். 160/110. அட்மிட் பண்ணிட்டாங்க.

நல்லது தம்பி. பிரசவம் ஆனதும் வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறும்.

அம்பாசமுத்திரம்: சீட்டு கிடைச்சிடுச்சு சிஸ்டர், பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. 32 வாரம் 5 நாள்னு போட்டிருக்கு. கீழே ‘ஆறு வாரம் கழித்து பிரஷர் பார்க்க வரவும்’னு எழுதியிருக்கு. நான் போகவே இல்லை.

அப்படியானால் நாலு வருடமாக உங்கள் பிரஷர் என்னவென்று யாருக்கும் தெரியாது. பிரசவமாகி மூன்று மாசத்துக்குப் பிறகும் இறங்காமல் இருந்தால் அது கர்ப்பத்தோடு போகிற பிரஷர் இல்லை, தங்கிவிட்ட பிரஷர். கணக்கே மாறும். நாளைக் காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு சீரான பிறகு அளக்கச் சொல்லுங்கள். சிறுநீரும் கொடுத்துப் பாருங்கள். எண்ணை எழுதி எனக்கு அனுப்புங்கள்.