படியேறாத சோபா: வண்டிக்கூலி யார் தலையில்?

கேள்வி (டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து): இணையத்தில் வாங்கிய மூவர் அமரும் சோபா நான்கு நாளுக்கு முன் வந்தது. மாடிக்கு ஏற்ற முடியவில்லை. கீழேயே போட்டுக்கொள்ளலாம் என்று கால்களைப் பொருத்த எடுத்தால், ஒரு காலில் நீளமாக விரிசல். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், விலையில் 15 சதவீதம் பிடிப்போம், வண்டிக்கூலியும் உங்களுடையது என்கிறது கடை. இது சரிதானா?

பதில்: 15 சதவீதம் பிடிக்க முடியாது. வண்டிக்கூலி, நீங்கள் எந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்கு முதலில் எழுதும் வரியிலேயே பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தென்னாப்பிரிக்காவில் உங்களுக்கு இரண்டு சட்டங்கள் கைகொடுக்கின்றன. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள், பரிவர்த்தனைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். சனி, ஞாயிறும் இந்தக் கணக்கில் சேரும். திருப்பி அனுப்பும் நேரடிச் செலவைத் தவிர வேறெந்தக் கட்டணமும் உங்களிடம் வாங்கக்கூடாது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணம் முழுதும் வர வேண்டும். ஆனால் வண்டிக்கூலி உங்கள் தலையில்தான். சோபா விஷயத்தில் அது சின்னத் தொகை அல்ல.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு வழி. பொருளில் குறை இருந்தால், பெற்ற 6 மாதத்துக்குள் 56-ஆம் பிரிவின்கீழ் கடையின் செலவிலும் பொறுப்பிலும் திருப்பலாம். பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள், கடை அல்ல. கூப்பன்தான் தருவோம் என்றால் ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே 'படியேறவில்லை' என்று தொடங்காதீர்கள். அது சோபாவின் குறை ஆகாது. இன்றே மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: "கால் விரிசலோடு வந்திருப்பதால் 56-ஆம் பிரிவின்கீழ் திருப்பி, முழுப் பணத்தையும் கேட்கிறேன். இதை நீங்கள் ஏற்காவிட்டால், 44-ஆம் பிரிவின்கீழ் இந்தக் கடிதமே ரத்து அறிவிப்பு." விரிசலைப் பற்றிக் கடை வாதாடிக்கொண்டே 7 நாளைக் கடத்தினாலும், இரண்டாவது வாக்கியம் உங்களைக் காப்பாற்றும். ஆர்டர் எண், பொருள் வந்த தேதி இரண்டும் அதில் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

கடை அடுத்து என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான்: "நீங்கள் முறுக்கியதில் பிளந்தது." போல்ட்டைக் கோணலாக ஏற்றி இறுக்கினால் மரம் பிளக்கும் என்பது உண்மையே. அதனால் இனி எந்தக் காலையும் பொருத்தாதீர்கள். பொருத்தாத காலின் போல்ட், விரிசலின் இரு முனை, பக்கத்தில் ஒரு அளவுகோல், பெட்டியின் லேபிள் எல்லாம் தெரியப் படம் எடுங்கள். விரிசலுக்குள் பாலிஷோ தூசியோ இறங்கியிருந்தால் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். உங்கள் வீட்டுக்கு வருமுன்பே பிளந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பசை தடவி ஒட்டிவிடாதீர்கள், மாற்றம் செய்த பொருளுக்கு 56-ஆம் பிரிவு கை கொடுக்காது. அட்டைப்பெட்டி, மூலைக் காப்புகள், திருகுப் பை எதையும் வீசவும் வேண்டாம்.

ஆள் அனுப்பி ஒட்டித் தருகிறோம் என்றால்? பாரம் தாங்கும் காலுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒருவேளை சம்மதித்து, 3 மாதத்துக்குள் மறுபடி விட்டுப்போனால், கடை மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும்.

நீங்கள் அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன சோபா என்றால் 7 நாள் உரிமை கிடையாது. குறைக்கான உரிமை மட்டும் அப்படியே இருக்கும். தன் வீட்டுச் சோபாவை விற்கும் தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது.

கடை மசியவில்லையென்றால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அதன்பின் சிறு கோரிக்கை நீதிமன்றம். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். அதன் உச்சவரம்பு 2019-இல் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது.

அடுத்த சோபாவுக்கு முன் ஒன்று: இங்கே வழக்கமான கதவின் அகலம் 813 மில்லிமீட்டர், கதவைக் கழற்றாமல் நுழைத்தால் வழி இன்னும் குறுகும். சோபாவின் உயரம், ஆழம் இரண்டில் எது சிறியதோ, அது இந்த வழியில் அடங்க வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.