மரம் தின்னும் காளான்: பெங்களூரு வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அல்சூர் வாசகி: தெரு குல்மோகர் மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருக்கிறது. மரம் விழுமா, ஐயா?

பழுப்பு நிறத்தில், வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கினால் மரத்தை அழுகவைக்கும் கனோடெர்மா என்னும் காளானாக இருக்கலாம். அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஓசை வந்தால் மாநகராட்சி வனப்பிரிவுக்கு உடனே எழுதுங்கள். பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கும்.

ஜெயநகர் மாணவர்: பல்லில்லாத பூஞ்சை மரத்தை எப்படித் தின்கிறது?

நல்ல கேள்வி. முதலில் செரிக்கிறது, பிறகுதான் தின்கிறது. தன் நூல் போன்ற இழைகளின் நுனியிலிருந்து நொதிகளை வெளியே கசியவிட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மரநாரிலுள்ள செல்லுலோஸ் வெறும் சர்க்கரைச் சங்கிலி, செல்லுலேஸ் என்னும் நொதி அதை நறுக்கிவிடும். சிக்கல், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினில்தான். மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு. நொதி பற்றிக்கொள்ள ஒரே மாதிரியான கண்ணிகள் அதில் இல்லை. 1983இல் கண்டறியப்பட்ட லிக்னின் பெராக்சிடேஸ் என்னும் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு லிக்னினிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. மிச்சம் தானாக உடைகிறது. மாங்கனீஸ் பெராக்சிடேஸ் இன்னும் கெட்டி: தான் நுழைய முடியாத சந்துக்குள் மாங்கனீஸ் அயனியை அனுப்பிவிடும். லாக்கேஸ் என்னும் இன்னொரு நொதிக்கு நான்கு செம்பு அணுக்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். நார் நாராக வெளுத்துக் கிடக்கும் கட்டை இவற்றின் வேலை. வேறு வகைப் பூஞ்சை தின்று, கட்டம் கட்டமாக வெடித்த பழுப்புக் கட்டையில் லிக்னின் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: தோட்டத்து மரக்காளானைச் சமைக்கலாமா?

கூடாது.

மல்லேஸ்வரம் வாசகி: சிப்பிக் காளான் விதை எங்கே கிடைக்கும்?

ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: லிக்னினைச் செரிக்கும் பூஞ்சை அன்று இல்லாததால்தான் நிலக்கரி உண்டானதாமே?

இந்தக் கதை ஓய்வதாக இல்லை. 2012இல் வந்த மரபணு ஆய்வொன்று, இந்த நொதிகள் தோன்றியது ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றது. நிலக்கரி பெருமளவில் படிந்த கார்பானிஃபெரஸ் காலத்தின் முடிவும் அதுவே. உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2016இல் மறுப்பு வந்தது: தாழ்ந்துகொண்டேயிருந்த நிலப்படுகையும் ஈரமான தட்பவெப்பமுமே காரணம் என்று.

அவரே மீண்டும்: அப்படியானால் மரபணுக் கணக்கு பொய்யா?

கணக்கைக் குறை சொல்லவில்லை. அதிலிருந்து நிலக்கரிக்குத் தாவியதைத்தான் சொல்கிறேன். ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி, கார்பானிஃபெரஸுக்கு அடுத்த பெர்மியன் காலத்தது. நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோ டைனோசர்கள் மறைந்த பிறகு உண்டானது. நொதிகள் வந்து பல கோடி ஆண்டுகள் கழித்தும் மரம் நிலக்கரியாகியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அல்சூரிலிருந்து இன்னொருவர்: பொந்தில் சிமெண்டுக்குப் பதில் தார் ஊற்றலாமா?

அதுவும் கூடாது.