எந்த டாக்டர்? இசை முனைவர் பட்டம் பற்றிக் கேள்வி பதில்

இசையில் பிஎச்டி முடித்து, இப்போது மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பவள் நான். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதும் வந்த கேள்விகளில் சில இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கச்சேரி அழைப்பிதழில் நிறைய பேருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கிறது. எல்லாரும் ஆராய்ச்சி செய்தவர்களா மேடம்?

இல்லை. அந்த ஒரே சொல்லுக்குப் பின்னால் மூன்று கதைகள் இருக்கலாம். பாடகர் எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். பாலமுரளி கிருஷ்ணாவுக்குக் கிடைத்தவை கௌரவப் பட்டங்கள். பாடகர் சீர்காழி சிவசிதம்பரம் நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர், மருத்துவப் பேராசிரியர். வயலின் எல். சுப்பிரமணியத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்றே தெரியவில்லை. எம்பிபிஎஸ் படித்துவிட்டு வயலினோடு போனவர், 70 வயதை ஒட்டி இசையில் ஆய்வேடும் எழுதி முடித்தார்.

பெயருக்கு முன்னால் இருப்பதை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆய்வேடு எழுதியவரென்றால் தலைப்பைக் கேளுங்கள், முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்.

நான் யாழ்ப்பாணம். எங்களுக்குக் 'கலாநிதி' என்றால் பிஎச்டி. அப்ப 'சங்கீத கலாநிதி' என்பதும் அதுதானே அக்கா?

நல்ல குழப்பம்! இலங்கையில் கலாநிதி என்பது நீங்கள் சொல்வதுபோல் படித்து வாங்கும் பட்டம். தமிழ்நாட்டில் அதற்கு 'முனைவர்' என்று பெயர். சங்கீத கலாநிதி சென்னை மியூசிக் அகாடமி தரும் விருது, தமிழிசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் மாதிரி. ஆய்வேடும் கிடையாது, தேர்வாளரும் கிடையாது. ஆனால் வித்வான்களில் பலர் பிஎச்டியைவிட அதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். நானும் அப்படித்தான்.

கௌரவ டாக்டர் பட்டம் வெறும் அலங்காரம்தானே? எதற்கு இவ்வளவு ஆரவாரம்?

அலங்காரம்தான், ஆனால் பழைய அலங்காரம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1791 ஜூலையில் டாக்டர் பட்டம் கொடுத்தது. மணி அடித்ததற்கு ஒன்றரை கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசு), அங்கிக்கு அரை கினி என்று கைக்காசு போட்டதை மனுஷன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே வாசித்த அவருடைய 92ஆம் சிம்பொனிக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது இரண்டு வருடம் முன்பே எழுதியது. நன்றியாக அவர் அனுப்பியது வேறு: நம் மாலைமாற்றுப் பாட்டுப் போல, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாடக்கூடிய ஒரு குட்டி உருப்படி.

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் கதை இன்னும் சுவை. கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது, நேரில் வந்து வாங்க வேண்டும் என்றது, அவர் கடல் தாண்டிப் போகவில்லை. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் 1879இல் அவர் வராமலேயே கொடுத்தது. ஒரு தபால் அட்டையில் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளப் பார்த்தார். ஓர் இசைப்படைப்பை எதிர்பார்க்கிறார்கள் என்று நண்பர் எடுத்துச் சொன்ன பிறகு, மாணவர்கள் குடித்துவிட்டுப் பாடும் பாட்டுகளைக் கோத்து 'அகாடமிக் ஃபெஸ்டிவல் ஓவர்ச்சர்' எழுதி, 1881 ஜனவரியில் பேராசிரியர்கள் முன்னாலேயே நடத்திக்காட்டினார்.

நம் பக்கம் 2022 நவம்பரில் காந்திகிராமம் பல்கலைக்கழகம் இளையராஜாவுக்கும் மிருதங்கம் உமையாள்புரம் சிவராமனுக்கும் ஒரே மேடையில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர்களுக்கு அதனால் கூடியது ஒன்றுமில்லை. கொடுத்தவர்களுக்குத்தான் பெருமை.

நாதஸ்வரக் குடும்பம். எம்.ஏ. முடித்துவிட்டேன். 'மல்லாரி' என்ற தலைப்பில் பிஎச்டி செய்யலாமா?

தம்பி, செய்யலாம். ஆனால் 'மல்லாரி' என்ற அந்தக் கோயில் நாதஸ்வர உருப்படி ஒரு தலைப்பு, கேள்வி அல்ல. இசைத் துறைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் வழுக்குகின்றன. 'மல்லாரி: ஓர் ஆய்வு' என்று போட்டால், கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்பார்கள், சுவாமி புறப்பாட்டில் வாசிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்ததையே முந்நூறு பக்கம் எழுதுவீர்கள். அதையே திருப்பிப் போடுங்கள். தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சடங்குக்குத் தக்கபடி மாறும்போது தாளத்திலும் காலத்திலும் என்ன மாறுகிறது? புறப்பாட்டின் நேரம் சுருங்கிய கோயிலில் எந்தப் பகுதியை வெட்டுகிறார்கள்? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

இதற்கு நூலகத்தில் பதில் கிடையாது. உங்கள் பெரியப்பாவிடம் இருக்கும். அதனால் சேர்க்கை வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வாயால் சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. நாற்பது மணி நேரப் பதிவை வைத்துக்கொண்டு, இருமலை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று, ஸ்வரப்படுத்தி எழுதும்போது கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, காகிதத்தில் நிற்காது. எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால் தேர்வாளரிடம் பாதிச் சண்டை குறையும்.

எத்தனை வருடம்? கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. கட்டுரை வெளியீட்டை யுஜிசி கட்டாயமாக வைக்கவில்லை, சில பல்கலைக்கழகங்கள் தாமாக வைத்திருக்கின்றன. கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத வராது, வாசிக்கத்தான் வரும். வாசிப்புக்கே டாக்டர் பட்டம் உண்டா?

அமெரிக்காவில் உண்டு. டிஎம்ஏ (டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ்) என்பார்கள், 1950களில் தொடங்கியது. சில தனிக் கச்சேரிகள், அப்புறம் பிஎச்டியைவிடச் சிறிய ஓர் எழுத்து. அங்கும் எழுத்து முழுசாக விடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கல்லூரியில் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால் வேறு வாசலும் இருக்கிறது. தேர்ந்த குருவிடம் கற்று, வானொலியில் ஏ கிரேடும் வாங்கிய கலைஞர்களை, இளங்கலைப் பட்டம் இருந்தால், உதவிப் பேராசிரியராக எடுக்க யுஜிசியின் 2018 விதிகள் இடம் தருகின்றன. இதைத் தெரியாமல் பிஎச்டிக்குள் விழுந்து தவித்த நல்ல கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் அமைப்பு பணம் கட்டினால் இசையில் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறதாம். வாங்கலாமா?

வேண்டாம். சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் போன்றவை தவிர வேறு யாரும் பட்டம் கொடுக்க 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தில் இடமில்லை. மண்டப வாடகை, அங்கி வாடகை, சாப்பாடு எல்லாம் உங்கள் பணத்தில்தான் நடக்கும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாடச் சொல்வார்களா?

சொல்லலாம். என்னிடம் சொன்னார்கள். நான் ஆய்வேடு, அட்டவணை, படங்கள் என்று எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், சுருதிப்பெட்டியைத் தவிர. கடைசியில் வெளித் தேர்வாளர்தான் தன் கைப்பேசியில் தம்புரா செயலியைப் போட்டுக் கொடுத்தார், என் சுருதிக்கு ஒரு கட்டை ஏற்றமாக. அதிலேயே பாடினேன்.