வட்டியில்லாத் தவணையும் உழைப்புப் பங்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகள், ‘ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி’ என்ற தொண்டு நிறுவனத்துக்காகச் சனிக்கிழமைகளில் வீடு கட்டும் வேலைக்குப் போகிறாள். நன்கொடையாலும் கூலி வாங்காத உழைப்பாலும் எழும் அந்த வீட்டுக்கு, குடியேறும் ஏழைக் குடும்பம் மாதத் தவணை செலுத்த வேண்டுமாம். தானமாக வந்ததை விலைக்குக் கொடுப்பது முறையா? – வாசகி, கும்பகோணம்.

பதில்: முறைதான், அம்மா. அந்தத் தவணை இல்லையென்றால் இவ்வளவு வீடுகள் எழுந்திருக்கவே முடியாது. இதன் வேர், ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிறு நகருக்கு அருகே உள்ள கொய்னோனியா பண்ணையில் இருக்கிறது. கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற போதகரும் அவருடைய நண்பர்களும் 1942இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்டார்கள். அதற்காகவே 1950களில் வணிகப் புறக்கணிப்பையும் துப்பாக்கிச் சூட்டையும் தாங்கினார்கள். தம் செல்வத்தைத் துறந்து 1965இல் அங்கே வந்துசேர்ந்த மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் ஜோர்டனுடன் கலந்து பேசியதன் விளைவாக, சுற்றுவட்டாரத்தில் ஒழுகும் குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்காக 1968இல் அரை ஏக்கர் வீதம் 42 மனைகள் பிரிக்கப்பட்டன. லாபம் வைக்காமல் விலை குறிப்பது, வட்டி வாங்காமல் கடன் கொடுப்பது, திரும்பி வரும் தவணைப் பணத்தை ஒரு பொது நிதியில் சேர்த்து அடுத்த வீட்டைக் கட்டுவது என்பதே அவர்கள் வகுத்த ஏற்பாடு. ஃபுல்லர் தம்பதியர் சில ஆண்டுகள் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) இதே முறையில் வீடு கட்டிவிட்டுத் திரும்பி, 1976இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

வட்டி இல்லை என்பதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன் வாங்குகிறவர், கடன் முடியும்போது வட்டியாக மட்டுமே அசலைவிட அதிகமாகக் கட்டியிருப்பார். அந்தச் சுமையை நீக்கிவிட்டால், சொற்ப வருமானம் உள்ள குடும்பத்துக்கும் சொந்த வீடு கைக்கு எட்டும். இன்று எல்லாக் கிளைகளிலும் வட்டி முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்பவே தவணை நிர்ணயிக்கப்படுகிறது. வீட்டின் சந்தை மதிப்புக்கும் குடும்பம் ஏற்றுக்கொண்ட கடனுக்கும் இடையே உள்ள தொகையைப் பல கிளைகள் இரண்டாவது அடமானமாக எழுதி வைத்து, குடும்பம் அங்கேயே வாழ்ந்துவந்தால் காலப்போக்கில் தள்ளுபடி செய்துவிடுகின்றன. வாங்கிய கையோடு விற்று லாபம் பார்ப்பதை இது தடுக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்குச் செய்யும் நியாயமும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

தவணையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உழைப்புப் பங்கு. தேர்ந்தெடுக்கப்படும் குடும்பத்தினர் பல நூறு மணி நேரம் உழைத்துத் தர வேண்டும். தம் வீட்டில் மட்டுமின்றி, அண்டை வீட்டாராக வரப்போகிறவர்களின் வீட்டிலும் உழைக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அடுத்து நின்று சுவருக்கு வண்ணம் பூசும் பெண்மணி, அந்த வீட்டுக்கே உரியவராக இருக்கக்கூடும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற வேறுபாடு அங்கே எழுவதற்கு இடமே இல்லை.

கேள்வி: ஆணி அடிக்கவே தெரியாத தொண்டர்கள் கட்டும் வீட்டில் நம்பிக் குடியிருக்க முடியுமா? – வாசகர், சேலம்.

பதில்: அமெரிக்கச் சிறு வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை என்பதால் இது முடிகிறது. சுவரை நின்றபடி எழுப்புவதில்லை. தரையில் கிடத்திய கீழ்ச்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பென்சிலால் குறி இட்டிருப்பார்கள்; அந்தக் குறிகளில் நெடுஞ்சட்டங்களை வைத்து ஆணி அடிப்பதே தொண்டர்களின் வேலை. வளைந்த ஆணியைப் பிடுங்கி மீண்டும் அடிக்கச் சொல்லித் தருவதற்குத் தளப் பொறுப்பாளர் பக்கத்திலேயே இருப்பார். ஒரு பக்கச் சுவர் தயாரானதும், தலைக்கவசம் அணிந்தவர்கள் வரிசையாகக் குனிந்து ஒரே குரலில் சொல்லித் தூக்கி நிறுத்துவார்கள்; ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். மின்சார வேலையும் குழாய் வேலையும் உரிமம் பெற்றவர்களிடமே விடப்படும். உள்ளாட்சி ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தராமல் யாரும் குடியேற முடியாது.

முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் இப்படித்தான் வேலை செய்தார்கள். 1984இல் ஜார்ஜியாவிலிருந்து தொண்டர்களோடு பேருந்தில் நியூயார்க் சென்று, பாழடைந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை 19 குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்றும் பணியில் இறங்கினார்கள். 2019இல், 95 வயதில், விழுந்து நெற்றியில் தையல் போட்ட நிலையிலும் கார்ட்டர் நாஷ்வில் நகரின் கட்டுமானத் தளத்துக்கு வந்துவிட்டார். அதிகாரத்தில் இருந்தவர்கள் ஓய்வுக் காலத்தை எப்படிச் செலவிடலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கேள்வி: நம் ஊரில் இது நடக்குமா? எங்கள் நண்பர் குழுவில் பத்துப் பேர் தயாராக இருக்கிறோம். – வாசகர், திருவாரூர்.

பதில்: அந்த நிறுவனமே 1983இல் இன்றைய தெலங்கானாவின் கம்மத்தில் தொடங்கி இந்தியாவில் வீடு கட்டி வருகிறது, கார்ட்டர் தம்பதியரும் 2006இல் மகாராஷ்டிரத்தில் லோணாவளாவுக்கு அருகே 100 வீடுகள் கட்டும் பணிக்கு வந்திருந்தார்கள். ஆனால் நம் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டது. தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பக் கொத்தனார்தான் வேண்டும். அந்த வேலையில் நீங்கள் கை வைத்தால் அவருடைய கூலியும் கெடும், சுவரும் கெடும். மண் நிரப்பலாம், செங்கல் கை மாற்றலாம், கான்கிரீட் போட்ட பிறகு நாள்தோறும் தளத்தில் தண்ணீர் தேக்கி வைக்கலாம். தண்ணீர் காட்டாமல் விட்ட தளம் வெடிப்பு விடும் என்பதால், இதைச் சின்ன வேலையாக எண்ண வேண்டாம்.

அதைவிட அவசியமான உதவி வேறொன்று இருக்கிறது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அத்தொகை வேலை நடக்க நடக்கத்தான் தவணையாக வரும். முதல் தவணை வரும் வரை அஸ்திவாரச் செலவுக்குக் கையில் பணம் இல்லாத கூலிக் குடும்பம் கந்துவட்டிக்குப் போகிறது. மனைக்குப் பட்டா இல்லாத குடும்பம் பட்டியலிலேயே ஏற முடிவதில்லை. ஆகவே உங்கள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு சிறு சுழல்நிதி திரட்டுங்கள். அரசுத் தவணை வந்ததும் வட்டியில்லாமல் திருப்பித் தரும் உடன்பாட்டில் ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். அந்தப் பணம் திரும்பியதும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். பட்டா இல்லாதவர்களுடன் உங்களில் இருவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கும் வரை உடன் நில்லுங்கள். நிதியில் மிச்சம் இருந்தால் முதலில் கழிப்பறைக்குக் கொடுங்கள். சுவரின் வண்ணப்பூச்சு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம்.