கன்னியாகுமரி மணல் ஒரு காலத்தில் சேறு: கல் மாறுவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மகளின் பாடப் புத்தகத்தில் தீப்பாறை (உருகிய குழம்பு உறைந்தது), படிவுப் பாறை (மணலும் சேறும் படிந்து இறுகியது), உருமாறிய பாறை (சூட்டிலும் அழுத்தத்திலும் மாறியது) என்று வட்டமாக அம்புக்குறி போட்டிருக்கிறது. எல்லாக் கல்லும் இந்த வரிசையில்தான் மாறுமா சார்?

பதில்: இல்லைங்க, வரிசை என்று எதுவும் கிடையாது. தீப்பாறை வெளியே தலைகாட்டாமலேயே ஆழத்தில் அழுந்தி உருமாறலாம், உருமாறிய பாறை உருகாமலே மேலே வந்து வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து மணலாகலாம், படிவுப் பாறை உடைந்து இன்னொரு படிவுப் பாறையாகவும் ஆகலாம். எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு சூடு பட்டது, கூடத் தண்ணீர் இருந்ததா, இதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கேள்வி: அண்ணா, கன்னியாகுமரி கடற்கரையில் கருப்பும் சிவப்புமாக மணல் கிடக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பாருங்கள். கருப்பு பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். சிவப்பு கார்னெட், மாதுளை முத்து மாதிரியே இருக்கும் (நவரத்தினத்தில் வரும் கோமேதகமும் கார்னெட் வகைதான்). இந்தக் கார்னெட்டின் கதை சேற்றில் தொடங்குகிறது. பழைய நீர்நிலை ஒன்றில் களிமண் படிந்து கல்லாகிறது. அப்புறம் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தக் கல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் 800 டிகிரிக்கு மேல் வேகிறது. களிமண்ணில் இருந்த அலுமினியமும் இரும்பும் சிலிக்காவோடு சேர்ந்து கார்னெட் மணிகளாக வளர்கின்றன. அந்தப் பாறைக்குக் கோண்டலைட் என்று பெயர். மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான வருஷம் அரித்துப் போன பிறகு அது வெளியே வந்து உதிர்கிறது, மழைத் தண்ணீர் கடலில் கொண்டு சேர்க்கிறது. அலை அதை முறத்தில் புடைப்பது போலப் புடைத்து, லேசான வெள்ளை மணலைத் தள்ளிவிட்டுக் கனமானதை மட்டும் கரையில் விட்டுவைக்கிறது. சேறாக இருந்தது மறுபடி மணலாகக் கிடக்கிறது!

கேள்வி: 800 டிகிரியில் கல் உருகிவிடாதா?

பதில்: முழுசாக உருகாது. சூளையில் பச்சை மண் சட்டி உருகாமலே வேறு பொருளாகிறதே, அப்படித்தான். ஆனால் எளிதில் உருகும் பகுதி கொஞ்சம் உருகிக் கசிந்து திரும்ப உறைவதுண்டு. கருங்கல் குவாரியில் சில பாறைகளில் வெள்ளை வரிகள் நெளிந்து நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், பல இடங்களில் அது இப்படி வந்ததுதான்.

கேள்வி: அரியலூர் சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சல் தெரிகிறது. எங்கள் ஊர் தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஒன்றுமே இல்லை, சீனி மாதிரி மினுமினுக்கிறது. ஏன் அண்ணா?

பதில்: அரியலூர் கல் டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது, பெரிதாகச் சூடு படவில்லை, அதனால் உள்ளே இருந்த கிளிஞ்சலும் அம்மோனைட்டும் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிர்) அப்படியே இருக்கின்றன. தாழையூத்துக் கல் அதைவிட மிகப் பழையது, கிளிஞ்சல் உயிர்கள் தோன்றுவதற்கும் முந்தியது. இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது, ஏனென்றால் ஆழத்தில் வெந்தபோது துகள்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புதிய பெரிய படிகங்களாகிவிட்டன. நீங்கள் பார்க்கும் மினுமினுப்பு அந்தப் படிக முகங்கள்தான். சலவைக்கல் உண்டாவதும் இதே வழியில்தான். இரண்டு கல்லையும் பொடி செய்து வினிகர் விட்டுப் பாருங்கள், இரண்டுமே நுரைக்கும்.

கேள்வி: நம் ஆயுசுக்குள் ஒரு கல் உண்டாவதைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வெப்பமான கடற்கரைகளில் கடல்நீரில் உள்ள சுண்ணாம்பு மணலைப் பிணைத்துச் சில பத்தாண்டுகளிலேயே பலகை போன்ற கடற்கரைப் பாறையை உண்டாக்கிவிடும். சில நாடுகளில் அதற்குள் கண்ணாடிப் பாட்டில் சிக்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ராமேஸ்வரம் பக்கம் போனால் நீர் வற்றும் நேரத்தில் அலை ஓரத்தில் பாருங்கள், கடலை நோக்கிச் சரிந்தாற்போல் படுத்திருக்கும்.